கமிட்டி பார்த்த முகூர்த்தம்

1800 ஜூன் 24, செவ்வாய்

இன்றும் தெற்குக் காற்று. சமையலறைக் கதவைத் திறக்க முடியவில்லை. வைகாஃபின் தோல் குழிகள் என் விடுதிக்குத் தெற்கே, ஆற்றோரம் இருக்கின்றன. மாட்டுத்தோல் ஊறும் நாற்றம் ரொட்டியில் ஏறுகிறது, படுக்கை விரிப்பில் ஏறுகிறது, என் தலைமுடியில் ஏறுகிறது. டிரென்டன் வண்டியில் வந்த ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இங்க யாராவது செத்துட்டாங்களாம்மா?" என்றார்.

"என் வீட்டுக்காரர். ஆறு வருஷம் ஆச்சு. ஆனா இது அவர் இல்ல" என்றேன். அவர் சாப்பிடாமலே போய்விட்டார்.

போன வருஷம் மாஜிஸ்திரேட் லட்லோவிடம் மனுக் கொடுத்தேன். "வியாபாரம்னா வாசனை இருக்கத்தாம்மா செய்யும்" என்று சொல்லிப் பொடி போட்டுக்கொண்டார். பொடி போடுகிற மூக்குக்கு என்ன தெரியும்?

ஜூலை 5, சனி

நேற்று சுதந்திர நாள் விருந்து. விருந்து இரண்டு, கூடம் ஒன்று.

லட்லோவின் ஆட்கள் — ஆடம்ஸே மறுபடி ஆளவேண்டும் என்கிற ஃபெடரல்காரர்கள் — முதலில் சொல்லி வைத்தார்கள். மறுநாளே வைகாஃபின் ஆட்கள் — ஜெஃபர்சன் வந்தால்தான் விடியும் என்கிற ரிபப்ளிக்கன்காரர்கள் — அதே மணிக்குச் சொல்லி வைத்தார்கள். ஒருவரை வேறு இடத்துக்குப் போகச் சொல்லலாம் என்றால் பிரையர்ஃபோர்டில் வேறு விடுதி இல்லை. கூடத்தின் நடுவில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். லட்லோவின் கறுப்பு நாடாத் தொப்பிகள் அடுப்புப் பக்கம், வைகாஃபின் மூவண்ண நாடாத் தொப்பிகள் ஜன்னல் பக்கம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே வாத்துக்கறி, ஒரே பீப்பாய் ரம். "அவங்க குடிக்கிறதுல இருந்து எங்களுக்கு ஊத்தலையே?" என்று இரண்டு பக்கமும் கேட்டார்கள். "சேச்சே" என்றேன், இரண்டு பக்கமும்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் இவர்கள் எல்லோரும் ஒரே குடத்தில் வாய் வைத்துக் குடித்தவர்கள். கட்சி என்ற சொல்லே அப்போது வசவு. இப்போதும்தான். லட்லோ என்னிடம், "எங்களது கட்சி இல்லம்மா. நாங்க நாட்டுமேல அக்கறை உள்ளவங்க. அவங்கதான் கட்சி" என்றார். கோட்டைத் தாண்டி ஜாடியோடு போனேன். வைகாஃபும் அதையே சொன்னார், ஒரு சொல் மாறாமல்.

ஒருவர் வாழ்த்துச் சொல்லிக் கிண்ணம் தூக்கினால் எதிர்ப்பக்கம் வாயை இறுக்கி மூடிக்கொண்டது. காலமான வாஷிங்டன் பெயரைச் சொன்னபோது மட்டும் இரு பக்கமும் எழுந்து, ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே குடித்தார்கள்.

கிழவி ட்ருசில்லா பாட்ஸ் நாற்காலியைச் சரியாகக் கோட்டின் மேல் போட்டு உட்கார்ந்தாள். கல்யாணமே ஆகாதவள். சொந்த வீடு, சொந்தத் தோட்டம், வேண்டாததைக் கேட்காத காது. "எந்தப் பக்கம்?" என்று கேட்டவனிடம், "ரெண்டு பக்கமும் வாத்துக்கறி இருக்குல்ல" என்றாள்.

எல்லோரும் போன பிறகு ஓடக்காரர் யோஸ்ட் ஹாக்லான்ட் மட்டும் இருந்து பெஞ்சுகளை எடுத்துப் போட்டார். ஈரத்துணியால் கோட்டை அழித்தார். அவர் ரிபப்ளிக்கன் கமிட்டியில் இருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "வைகாஃப் என் பேரைப் போட்டாரு. நான் வேணாம்னு சொல்ல வாயத் தொறக்கறதுக்குள்ள அடுத்த பேருக்குப் போயிட்டாரு."

ஜூலை 17, வியாழன்

மாவு வாங்க அக்கரைக்குப் போனேன். ஓடத்தில் நானும் யோஸ்டும் யாருடையதோ ஒரு செவலைப் பசுவும். நடு ஆற்றில் கழியை ஊன்றி நிறுத்தினார்.

"கெசியா, ஒண்ணு கேக்கணும்."

பசு கத்தியது. மறுபடி வாயைத் திறந்தார். பசு மறுபடி கத்தியது. பசுவின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "என்னைக் கட்டிக்கிறியா?" என்றார்.

"மாட்டை விடுங்க, மூச்சு முட்டுது" என்றேன்.

நாற்பத்து நாலு வயது மனிதர். முகம் அந்தப் பசுவைப் போலவே சிவந்திருந்தது. கரை தட்டியதும் சரி என்று சொன்னேன். கல்யாணம் செப்டம்பர் இரண்டாவது வாரம். முப்பத்தெட்டு வயதில் வெட்கம் வரும் என்று நான் நினைக்கவில்லை. மாவு வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

யோஸ்ட் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார். கல்யாணத்தை அக்டோபர் மாதம் பாதி போன பிறகு வைத்துக்கொள்ளலாமாம். ஓடத்துக் கயிறு மாற்ற வேண்டுமாம். பிரன்ஸ்விக் அத்தைக்கு முட்டி வலியாம். வாத்துகள் கொழுக்கவில்லையாம்.

ஒரு காரணம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். மூன்று சொல்கிறவனை எப்படி நம்புவது?

மனம் மாறிவிட்டதோ?

ஆகஸ்ட் 9, சனி

இது என்ன கூத்து என்று புரியவில்லை. மாஜிஸ்திரேட் மனைவி பிரிசில்லா லட்லோ என் விடுதிக்குள் வந்தார். முன்வாசல் வழியாக. கையில் திராட்சை கேக். நாற்றத்துக்குக் கைக்குட்டையைக் கூட மூக்கில் வைக்கவில்லை, அவ்வளவு அன்பு.

"ஒத்தையா எத்தனை நாள் இருப்பீங்க கெசியா? பொம்பளைக்கு ஒரு துணை வேணும். நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக் கூடாது. அடுத்த வாரமே வச்சுக்கலாம். என் பட்டுச் சால்வையைத் தர்றேன். இவர் லைசென்ஸ் எல்லாம் இலவசமாவே எழுதித் தருவாரு."

இதே அம்மாள் போன கிறிஸ்துமஸில் என்னைப் பார்த்து, "விடுதிக்காரி" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அவர் போனதும் ட்ருசில்லா வினிகர் கடன் கேட்டு வந்தாள். கேக்கைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"ஏண்டி மக்கு, உனக்கு இன்னுமா புரியல? கல்யாணம் ஆனா உன் ஓட்டு என்ன ஆகும்?"

நான் நினைத்தே பார்க்கவில்லை. நம் நியூ ஜெர்சியில் சொத்துள்ள விதவையும் கன்னியும் ஓட்டுப் போடலாம். நானும் மூன்று முறை போட்டிருக்கிறேன். கல்யாணமானால் சொத்து புருஷன் பெயருக்குப் போய்விடும் என்று தெரியும். சொத்தோடு ஓட்டும் மூட்டை கட்டிக்கொண்டு போகும் என்பது தலையில் உறைக்கவில்லை. அக்டோபர் பதினாலு, பதினைந்து சட்டசபைத் தேர்தல். லட்லோ ஒரு வேட்பாளர். வைகாஃப் இன்னொருவர். இந்தத் தடவை சட்டசபைதான் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடும் ஆட்களைப் பொறுக்கி அனுப்பப் போகிறது என்பதால் எல்லோருக்கும் பைத்தியம் பிடித்திருக்கிறது.

"யோஸ்ட் ரிபப்ளிக்கன் கமிட்டி" என்றாள் ட்ருசில்லா. "அதனால நீயும் அந்தப் பக்கம்னு முடிவு கட்டிட்டாங்க. நீ போனா மத்த விதவைங்களும் உன் பின்னாடி வருவாங்கன்னு ஒரு பயம். அதான் உன்னைச் சீக்கிரம் கட்டி வச்சுப் பாக்க ஃபெடரல்காரனுக்கு ஆசை. கட்டாம பாத்துக்க மத்தவனுக்கு ஆசை."

"என்னை யாருமே கேக்கலையே."

"உன்னை எதுக்குடி கேக்கணும்?"

வினிகரோடு கேக்கில் பாதியையும் கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

துறைக்குப் போய் நேருக்கு நேர் கேட்டேன். தேதியைத் தள்ளச் சொன்னது கமிட்டியா? யோஸ்ட் கயிற்றைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார்.

"நான் கேக்கல கெசியா. அவங்களாத்தான் பேசினாங்க. தீர்மானம்னு வாசிச்சாங்க. நான் சும்மா தலையை ஆட்டினேன்."

"என் கல்யாணத்துக்குத் தீர்மானமா?"

"ஏகமனதா நிறைவேறுச்சு" என்றார், ஏதோ அதில் எனக்குப் பெருமை இருக்கும் என்பது போல.

"அப்ப கமிட்டியையே கட்டிக்கங்க. ஏழு பேர் இருக்காங்க, வீடு நெறஞ்சு இருக்கும்."

வந்துவிட்டேன். அழவில்லை. வெங்காயம் உரித்தேன், அவ்வளவுதான். இவ்வளவு வெங்காயத்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. — பசு வாயைப் பொத்தத் தெரியுதுல்ல, வைகாஃப் வாயைப் பொத்தத் தெரியலையா இந்த மனுஷனுக்கு?

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஓடத்து மணி காலை முழுக்க அடித்துக்கொண்டே இருந்தது. அக்கரையில் ஆள் யாரும் இல்லை. அடிப்பது யாரென்று தெரியும், நான் போகவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இதை எழுதி வைக்காவிட்டால் பின்னால் நானே நம்பமாட்டேன்.

போதகர் முழு ஃபெடரல். இன்று பிரசங்கம் "மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல" என்ற வசனத்தின் மேல். விதவைகள் தனிமையாயிருப்பது இன்னும் நல்லதல்ல என்று அதை நீட்டிக்கொண்டே போனார். ரிபப்ளிக்கன் பெஞ்சுகளில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் இருமல். அதோடு விட்டாரா? என்னையோ யோஸ்டையோ ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் கல்யாண ஓலையை வாசித்தார். "இவர்கள் சேர்வதற்கு யாருக்காவது ஆட்சேபனை உண்டானால் இப்பொழுதே சொல்லக்கடவர்கள்."

நான் எழுந்திருக்க வாயைத் திறந்தேன். அதற்குள் வைகாஃப் எழுந்துவிட்டார்.

"ஆட்சேபனை இருக்கு."

"என்ன ஆட்சேபனை?"

வைகாஃப் யோசித்தார். "அக்டோபர் பதினஞ்சு வரைக்கும் இருக்கு" என்றார்.

ஃபெடரல் பெஞ்சுகள் முழுவதும் சிரித்தன. யோஸ்ட் தலையை முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டார். நான் எழுந்து நடந்து வெளியே வந்தேன். வாசல் வரை வைகாஃப் பின்னாலேயே வந்து, விதவை வாழ்க்கையின் மேன்மையைப் பற்றி எனக்கு விளக்கினார். அமைதி, சுதந்திரம், இஷ்டப்பட்ட நேரத்தில் தூக்கம். தன் மனைவியே இதை அடிக்கடி சொல்வதாகச் சொன்னார்.

செப்டம்பர் 4, வியாழன்

மத்தியானம் வைகாஃப் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். லட்லோ வந்து அடுப்போரம் உட்கார்ந்தார். ஒருவர் எழுந்து போகும்வரை மற்றவர் போகப் போவதில்லை என்பது தெரிந்தது. கூடத்தில் உழவர்கள், வண்டிக்காரர்கள், நிறையக் கூட்டம். கையைத் துடைத்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

"ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்றேன். என் கல்யாணம் எப்பன்னு இந்தக் கோடை பூரா பேசிட்டீங்க. என் ஓட்டு யாருக்குன்னு யாரும் கேக்கல. இப்பக் கேளுங்க."

லட்லோ, "யாருக்கும்மா?" என்றார்.

"இந்த நாத்தத்தை யார் போக்கறாங்களோ அவங்களுக்கு."

வைகாஃபுக்கு முகம் சுண்டிவிட்டது. "கெசியாம்மா, இது தேசத்தோட சுதந்திரம் சம்பந்தப்பட்ட தேர்தல். நம்மள மறுபடி ஒரு ராஜாவுக்குக் கீழ கொண்டுபோகப் பாக்கறாங்க. நீங்க தோல் நாத்தத்தைப் பத்திப் பேசறீங்க."

"ராஜா இன்னும் என் சமையல்கட்டுக்கு வரல. நாத்தம் வந்துருச்சு."

லட்லோ இடுப்பில் கைவைத்து எழுந்தார். மாஜிஸ்திரேட் என்ற முறையில் அந்தக் குழிகளை அப்புறப்படுத்த உத்தரவு போடுவதாக வாக்குக் கொடுத்தார். தேர்தல் முடிந்ததும். போன வருஷ மனு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அந்த மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறதாம்.

மூலையிலிருந்து ட்ருசில்லா, "என் ஓட்டும் அதே நாத்தத்துக்குத்தான்" என்றாள். அவளுக்குக் காது கேட்கவில்லை என்று யார் சொன்னது?

செப்டம்பர் 6, சனி

விதவை மெர்சி, அவள் மருமகளின் தாய், மேட்டு வீட்டு இரண்டு அக்கா தங்கைகள் — எல்லோரும் வந்து அந்த நாற்றத்தைப் பற்றித் தாங்களும் நெடுநாளாகச் சொல்ல நினைத்ததாகச் சொன்னார்கள். டீ தீர்ந்துவிட்டது.

செப்டம்பர் 19, வெள்ளி

வைகாஃப் குழி தோண்டுகிறார்! ஊருக்கு வெளியே, காற்று எங்கள் பக்கம் வராத பள்ளத்தில், புதுக்குழிகள். கமிட்டி முழுவதும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தோண்டுகிறது. லட்லோ குதிரை மேல் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் தன் உத்தரவின் பேரில்தான் இது நடக்கிறது என்கிறார்.

ஆப்பிள் சாராயம் எடுத்துக்கொண்டு போனேன். நான்காவது குழியின் அடியில், கழுத்து வரை மண்ணோடு ஒரு ஆள் மட்டும் தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருந்தார். யோஸ்ட். வைகாஃப் என் காதருகே வந்து முணுமுணுத்தார்: "இவன் போன வாரமே கமிட்டிய விட்டு விலகிட்டான். பெரிய தலைவலி. தேர்தல் நேரத்துல இப்படிச் செய்யலாமா? ஆனா மம்பட்டியத் தூக்கிட்டு முதல் ஆளா வந்து நிக்கறான். ஒண்ணும் புரியல."

யோஸ்டின் கிண்ணத்தைக் குழியின் விளிம்பில் வைத்தேன். கை மட்டும் மேலே வந்து எடுத்துக்கொண்டது.

செப்டம்பர் 29, திங்கள்

தெற்குக் காற்று. கதவு திறந்திருக்கிறது. ரொட்டி ரொட்டியாக மணக்கிறது.

ஒரு ஓட்டுக்கு இவ்வளவு பலம் உண்டா? பல வருஷம் கெஞ்சியிருக்கிறேன், கத்தியிருக்கிறேன், மனு எழுதியிருக்கிறேன். இதற்கு முன் மூன்று முறை ஓட்டுப் போட்டபோதெல்லாம் யாரோ கொடுத்த சீட்டை வாங்கிப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடிவந்தேன். இப்போதுதான் அதைக் கையில் வைத்து எடை பார்க்கிறேன். பார்த்த நேரம் பார், கல்யாணம் அதை விட்டுக்கொடுக்கச் சொல்கிற நேரம்.

அக்டோபர் 2, வியாழன்

புதுப் புரளி. ஜெஃபர்சன் வந்தால் வீடு வீடாக வந்து வேதாகமத்தைப் பிடுங்கிக்கொண்டு போவாராம். ஃபெடரல் வீடுகளில் எல்லாம் ஒளித்து வைக்கிறார்கள். போதகர் தன்னுடையதை வேறு ஊரிலிருக்கும் தங்கைக்கு அனுப்பிவிட்டார். பிரிசில்லா அம்மாள் எங்கே வைத்தார் என்பது பெரிய ரகசியம். என்னுடையதை மெர்சி வாங்கிக்கொண்டு போனாள், பத்திரமாக ஒளித்துத் தருகிறேன் என்று. எங்கே வைத்தாள் என்று அவளுக்கே இப்போது மறந்துவிட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

தேர்தல் என் கூடத்தில்தான். ஓட்டுப் பெட்டி நீள மேஜையின் மேல். பக்கத்தில் தேர்தல் நடத்த வந்த பெரியவர் ரன்யன், இரண்டு பக்கமும் கண்கொத்திப் பாம்புகளாக ஆட்கள். குடித்தவர்கள் வெளியே, குடிக்கப் போகிறவர்கள் உள்ளே.

மத்தியானம் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு, என் சீட்டோடு வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் லட்லோ எழுந்தார்.

"ஆட்சேபனை. இந்த அம்மா விதவை இல்ல. ஹாக்லான்டோட மனைவி. ஓலை வாசிச்சாச்சு, சபையே சாட்சி. ரகசியமா கல்யாணமும் ஆயிடுச்சுன்னு கேள்வி. கல்யாணமானவளுக்கு ஓட்டு இல்ல."

கூடம் இரண்டாகக் கத்தியது. ரன்யன் மேஜையைத் தட்டி, ஹாக்லான்ட் வந்து சத்தியம் செய்தால் போதும் என்றார். யோஸ்டை ஓடத்திலிருந்து கூட்டி வந்தார்கள், முழங்கால் வரை ஈரத்தோடு.

"வேதாகமம் கொண்டு வாங்க" என்றார் ரன்யன்.

என்னிடம் இல்லை. போதகரிடம் இல்லை. ஃபெடரல்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரிபப்ளிக்கன்காரர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஜெஃபர்சன் இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள ஊர்ல ஒரு வேதாகமம் இல்லாம பண்ணிட்டாரே, கெட்டிக்காரர்தான்" என்றான் ஒரு வண்டிக்காரன். எதிர்ப்பக்கத்து வேதாகமத்தை நம்ப முடியாது என்று கடைசியில் லட்லோ பல்லைக் கடித்துக்கொண்டு தன் வீட்டுக்கே ஆள் அனுப்பினார். பிரிசில்லா அம்மாள் வந்தார் — கையில் கிணற்று வாளி. வாளிக்குள் மெழுகுத்துணி மூட்டை. மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ரன்யன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

யோஸ்ட் அந்த ஈரப் புத்தகத்தின் மேல் கை வைத்தார். இந்த மனிதர் ஊர் முன்னால் நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"இவ என் பொண்டாட்டி இல்ல. கட்டிக்கிறியான்னு கேட்டேன். சரின்னா. அதுக்கப்புறம் நான் கமிட்டி பேச்சைக் கேட்டேன். அது என் புத்தி. அன்னியிலேருந்து இவ என் பேச்சைக் கேக்கறதில்ல. பொண்டாட்டி இல்லைங்கறதுக்கு இதுக்குமேல என்ன சாட்சி வேணும்?"

"பேச்சைக் கேக்கலைன்னா பொண்டாட்டிதான்!" என்று அடுப்புப் பக்கமிருந்து ஒரு குரல். இந்த வருஷத்திலேயே முதல் முறையாக இரண்டு கட்சியும் சேர்ந்து சிரித்தது. ரன்யன்கூடச் சிரித்தார். லட்லோவைப் பார்த்து, "போதுமா?" என்றார். என்னைப் பார்த்து, "போடும்மா" என்றார்.

போட்டேன்.

யாருக்கு? இங்கே சொல்வதற்கென்ன. வைகாஃபுக்கு. அவர் பேச்சு எனக்குப் பிடிக்காது, அவர் நாடாவும் பிடிக்காது. ஆனால் ஒருவர் வாக்குக் கொடுத்தார், ஒருவர் குழி தோண்டினார்.

அக்டோபர் 21, செவ்வாய்

மாவட்டம் முழுவதும் எண்ணியாகிவிட்டது. லட்லோ ஜெயித்தார். நம் ஊரில் வைகாஃபுக்குத்தான் அதிகம், மற்ற ஊர்கள் கவிழ்த்துவிட்டன. லட்லோ ஊர் முழுவதுக்கும் என் விடுதியில் குடிக்க வாங்கிக் கொடுத்து, நாற்றத்தை ஒழித்தவர் என்று தன் பெயரைச் சொல்லித் தானே ஒரு வாழ்த்தும் சொன்னார். வைகாஃப் ஜன்னலோரம் உட்கார்ந்து, மக்கள் தோற்றுவிட்டார்கள் என்றார். "மக்கள்தானே போட்டாங்க?" என்று கேட்டேன். "அது வேற மக்கள்" என்றார்.

பழைய இடத்துக்கே குழிகளை மாற்றலாமா என்று யோசிக்கிறாராம். மனைவி, புது வீடு மாதிரி மணக்குது, மாத்தினா நான் அம்மா வீட்டுக்குப் போறேன் என்று சொல்லிவிட்டாளாம்.

நவம்பர் 9, ஞாயிறு

யோஸ்ட் வந்தார். தொப்பியைத் திருகவில்லை.

"ரெண்டு மாசமா ஒரே யோசனை" என்றார். "கல்யாணம்னா இந்த விடுதி என் பேருக்கு வரும். உன் ஓட்டும் போயிடும். நான் ஏற்கெனவே ஒண்ணு போடறேன், எனக்கு அதுவே அதிகம். நீ இப்படியே இரு கெசியா. ஞாயித்துக்கிழமை எனக்குச் சாப்பாடு போடு. நான் அக்கரையிலேருந்து வந்துட்டுப் போறேன். கெழவனாகற வரைக்கும் வர்றேன்."

ஆட்டுக்கறியும் டர்னிப்பும் போட்டேன். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது பெஞ்சின் ஆடும் காலைத் தட்டிச் சரி செய்துவிட்டுப் போனார்.

இந்த மனிதரை என்ன செய்வது? வா என்று இழுத்திருந்தால் போகமாட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

நவம்பர் 18, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். விடுதியைக் கல்யாணத்துக்கு முன்பே ட்ருசில்லாவின் பொறுப்பில் எழுதி வைப்பது, அனுபவிப்பது நான் என்று. வக்கீல் இப்படிச் செய்ய இடமுண்டு என்றார். யோஸ்ட் பத்திரத்தை உதட்டை அசைத்து அசைத்து முழுவதும் வாசித்தார், இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை கண்டுபிடித்தார், கையெழுத்துப் போட்டார். விடுதி பிழைத்தது. ஓட்டுக்கு அப்படி ஒரு பத்திரம் உண்டா என்று வக்கீலைக் கேட்டேன். இல்லை என்றார்.

அது வலிக்கிறது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற ஆள் எனக்குப் போதவில்லை. அதுவும் பொய்யில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

காலையில் வைகாஃப்: "மாசக் கடைசில காங்கிரஸ் தேர்தல் வருதும்மா. ஒரே ஒரு மாசம் தள்ளிப் போடுங்க." மத்தியானம் பிரிசில்லா அம்மாள்: "இந்த வாரமே வச்சுக்கக் கூடாதா?" மறுபடியும் சால்வை.

இவர்களுக்கு எப்போதும் இன்னும் ஒரு தேர்தல் இருக்கும். ஆறு உறைந்து ஓடம் நின்றுவிட்டது, யோஸ்டுக்கு வேலை இல்லை, வாத்துகள் கொழுத்திருக்கின்றன. பதினோராம் தேதி என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். வைகாஃப் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். பிரிசில்லா அம்மாள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

டிசம்பர் 11, வியாழன்

கல்யாணம் ஆகிவிட்டது. பனி கொட்டியது. ஊர் முழுவதும் மாதக்கணக்காகப் பேசிய கல்யாணம். கோயிலில் இருந்தது போதகரையும் சேர்த்து ஒன்பது பேர், ஒரு நாய். லட்லோ இல்லை, வைகாஃப் இல்லை, கேக் இல்லை. யாருக்கும் இனி என்னிடம் வேலை இல்லை. பிரன்ஸ்விக் அத்தை வந்திருந்தார். முட்டி வலி உண்மைதான்.

கூடத்தில் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ட்ருசில்லா கடைசியாக வந்தாள், சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு. உப்பிட்ட பன்றித்தொடை இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்றில் கறுப்பு நாடா, மற்றதில் மூவண்ண நாடா.

"கல்யாணப் பரிசு" என்றாள். "யாரும் வரலைன்னு மனசுல வச்சுக்காத. எல்லாரும் என் வாசல்லதான் நிக்கறாங்க. லட்லோ வெறகு அடுக்கறாரு. வைகாஃப் கூரையில ஏறி ஓட்டையப் பாக்கறாரு. ரெண்டு பேர் கிட்டயும் என் ஓட்டைப் பத்தி யோசிக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

யோஸ்ட் கத்தியைக் கொண்டு வந்து கொடுத்தார். அவள் முதல் தொடையை அறுத்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்து, மெதுவான குரலில் கேட்டாள்.

"உனக்கு என்னடி வேணும், சொல்லு. நான் கேட்டு வாங்கித் தர்றேன்."

படகுத்துறையில் படி உடைந்து கிடக்கிறது என்றேன். தலையை ஆட்டிவிட்டு, இரண்டாவது தொடையைத் தன் பக்கம் இழுத்தாள்.